நோக்கியது கழித்தல் கணித்தது

அந்தக் கல்லை நான் பார்த்ததில்லை.
யாருமே பார்த்ததில்லை, ஒரு புள்ளியாகத் தவிர.
முப்பது கிலோமீட்டர் அகலம் என்பதும்
வெளிச்சத்தை வைத்துப் போட்ட உத்தேசம்.
பதினோரு ஆண்டுகளின் இருநூற்றுப் பதினான்கு புள்ளிகள்,
அவற்றினூடே ஒரு நீள்வட்டம்,
அதை ஓயாமல் நெளிக்கும் வியாழன்,
சனியும் தன் பங்குக்குக் கொஞ்சம்.

பிஷ்கெக்கில், சமையலறை மேசையில்,
மூன்று வாரம் எண்களைச் சலித்து
ஓர் இடமும் நேரமும் சொன்னேன்:
சோங்கோல் ஏரியின் வடகரை,
செப்டம்பர் ஒன்பது, பின்னிரவு
இரண்டு நாற்பத்தொன்று பதினேழு நொடி.
மங்கலான ஒரு விண்மீனைக் கல் மறைக்கும்.
இரண்டு நொடி.
அதன் நிழல் புல்வெளி மேல் ஓடிப் போகும்.

சகின்பாய் தன் கூடாரத்திலிருந்து வந்தார்.
வாங்கப்போகும் குதிரையைச் சுற்றுவதுபோல்
தொலைநோக்கியைச் சுற்றி நடந்தார்.
"எவ்வளவு தொலைவு உன் கல்?"
"இருபத்தைந்து கோடி கிலோமீட்டர்."
"அது எங்கே நிற்கும் என்று தெரியும் உனக்கு."
"தெரியும்."
"நேற்றிலிருந்து என் செம்பட்டைப் பெட்டையைக் காணோம்.
அது எங்கே?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
காற்றை முகர்ந்து பார்த்து அவரே சொன்னார்:
"மேற்குப் பள்ளம். காலையில் அங்கேதான் இருக்கும்."

இரண்டு மணிக்கு மின்கலத்தைக் கம்பளிக்குள் சுற்றினேன்.
குமிஸின் புளிப்பு பல்லில் கூசியது.
எர்மெக் தெற்கே, மொல்தோ கணவாயில்,
தனியாக, சின்னக் கருவியோடு.
உல்ஜான் வரவேயில்லை.
அத்பாஷியில் இயற்பியல் சொல்லித் தருகிறவள்,
பள்ளி முடிந்து கிளம்பியவளின் வண்டி
நரினில் படுத்துவிட்டதாம்.

நாற்பது.
நாற்பத்தொன்று.
விண்மீன் இருந்தது.
பதினைந்து, பதினாறு, பதினேழு,
விண்மீன் இருந்தது.
இருபது. முப்பது.
கண்ணில் நீர் கோத்தது, குளிரால்தான்.
விண்மீன் கொஞ்சமும் வெட்கமில்லாமல்
அங்கேயே இருந்தது.

கணவாயிலிருந்து எர்மெக்: "ஒன்றுமில்லை."
பிறகு நரினிலிருந்து ஒரு குரல், மூச்சு வாங்க:
பட்டறைக் கூரைமேல் கருவியை வைத்திருந்தாளாம்,
வண்டி கிடக்கிறது, வானமாவது சும்மா போகக்கூடாதென்று.
"அணைந்தது! ஒரு நொடியும் பத்தில் ஒரு பங்கும்.
அப்புறம் திரும்ப எரிந்தது.
கீழே வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவனிடம் சொன்னேன்.
'எதை அணைத்தாய்?' என்கிறான்."

ஒரு நொடி என்றால் நிழலின் ஓரம்.
வட ஓரமா, தென் ஓரமா?
தென் ஓரம் என்றால் எர்மெக்கும் நிழலுக்குள் இருந்திருப்பான்.
இல்லை என்கிறான். ஆக, வட ஓரம்.
அவனுடைய பூஜ்யம்தான் தீர்ப்புச் சொன்னது.
என் பூஜ்யம் எதையும் சொல்லவில்லை.
ஆனாலும் எழுதினேன்:
நிலநேர்க்கோடு, நிலக்கிடைக்கோடு, உயரம், மறைப்பு இல்லை.

அறுபத்திரண்டு கிலோமீட்டர் பிசகியிருக்கிறேன்.
வானத்தில் அது
வில்நொடியில் இருபதில் ஒரு பங்கு:
முந்நூறு மீட்டருக்கு அப்பால் பிடித்த
ஒரு தலைமுடியின் தடிமன்.
கல் பிசகவில்லை.
அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிற்று.

விடியும்போது கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.
கிழக்கே, ஏரியின் பக்கமிருந்து,
யாரும் தேடாத திசையிலிருந்து,
செம்பட்டைப் பெட்டை நிதானமாக நடந்து வந்தது,
வயிறு வரை ஈரம்.
சகின்பாய் பள்ளத்தைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார்.
"ஓகோ," என்றார்.
உள்ளங்கை நிறைய உப்பை நீட்டினார்.

ஊர் திரும்பிப் புதுப் புள்ளியைச் சேர்த்தேன்.
நீள்வட்டம் எள்ளளவு அசைந்து உட்கார்ந்தது.
நோக்கியது கழித்தல் கணித்தது,
அந்தப் பத்தியில் இப்போது எல்லாமே சிறிய எண்கள்.
அடுத்த நிழலுக்கு இன்னும் ஒன்பது ஆண்டு.
இம்முறை பிழை மூன்று கிலோமீட்டருக்குள்.
விழும் இடம் பசிபிக்கின் நடுவே,
தீவில்லை, கப்பல் வழியில்லை,
அதிகாலை நான்கு பன்னிரண்டு.

குறித்து வைத்திருக்கிறேன்.