பாதிக் கோப்பை

வாட்சோவிலிருந்து கிர்கெனெஸுக்கு
கடற்பறவைக் கணக்கில் நாற்பது கிலோமீட்டர்.
அட்டவணை பதினைந்து நிமிடம் என்கிறது.
காரில் போனால் நூற்றி எழுபது சொச்சம்.
நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடலின் நாக்கை
அடிவரை போய்ச் சுற்றிக்கொண்டு வரவேண்டும்,
பனி மனசு வைத்தால் இரண்டரை மணி நேரம்.

இந்த விமான நிலையத்தில் நாங்கள் நாலே பேர்.
பெட்டியை எடைபோடுகிறவன் நான்.
அதைத் தூக்கிப்போய் விமானத்தின் வயிற்றில் திணிக்கிறவனும் நான்.
பிறகு உடுப்பு மாற்றி, தீயணைப்பு வண்டியில் ஏறி,
எதுவும் பற்றிக்கொள்ளாததைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.
வால் விளக்கு மேகத்தில் கரைந்ததும்
உள்ளே வந்து காப்பி ஊற்றிக்கொள்வேன்.
பாதி குடிப்பதற்குள் போன் அடிக்கும்.

"இறங்கிடுச்சு."

அக்கரையில் ஓத்ரூன்.
"சரி" என்பேன்.
பதினோரு வருஷமாக இவ்வளவுதான் பேச்சு.

அவள் முகம் எனக்குத் தெரியாது.
சளி பிடித்திருந்தால் தெரியும்.
ஒரு கோடையில் மூன்று வாரம்
வேறொரு குரல் "இறங்கிடுச்சு" என்றது.
நம்பிக்கை வராமல்
ஒவ்வொரு தடவையும் திரையில் சரிபார்த்தேன்.

ஜனவரிக் கடைசியில் ஒரு செவ்வாய்.
இரண்டு மாச இருட்டுக்குப் பிறகு
சூரியன் தலைகாட்டி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.
ஒன்பது பயணிகள். அதில் தோர்லைஃப்,
வாரம் மூன்று தரம் ரத்தத்தைக் கழுவிக்கொள்ள
அக்கரை ஆஸ்பத்திரிக்குப் பறக்கிறவர்.
கிளம்பினார்கள்.
காப்பி பாதியானது.
கால்வாசி ஆனது.
கோப்பையின் அடியில் தூள் தெரிந்தது.
போனை எடுத்து
உயிர் இருக்கிறதா என்று பார்த்து வைத்தேன்.

பிறகு தெற்கே, போன திசையிலேயே, இரைச்சல்.
அங்கே குறுக்குக் காற்று,
ஓடுபாதை கண்ணில் படவே இல்லையாம்.
நாற்பத்திரண்டு நிமிடம் பறந்து
புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்ந்தார்கள்.
படியிறங்கிய தோர்லைஃப் நாலாபுறமும் பார்த்துவிட்டு,
"கிர்கெனெஸ் அச்சு அசல் நம்ம ஊர் மாதிரியே ஆயிடுச்சே" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.
நான் மட்டும், கொஞ்சம் அதிகமாகவே.
அவருக்கு டாக்சி பிடித்துக் கொடுத்தேன்.
பதிவேட்டில் பறந்த நேரத்துக்கு ஒரு கட்டம்,
போய்ச் சேர்ந்த ஊருக்கு ஒரு கட்டம்.
இரண்டாவதை வெகுநேரம் காலியாக விட்டிருந்தேன்.

கதவுகளைப் பூட்டும் நேரம், போன்.
விமானமே இல்லாத வேளை.
"வந்துட்டார்" என்றாள். "ரோட்டு வழியா.
ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டேன்."
இது அவள் வேலையில் சேர்த்தி இல்லை.
"சரி" என்றேன்.
அவள் வைக்கவில்லை.
அவள் ஜன்னலை அறையும் காற்று எனக்குக் கேட்டது,
அல்லது என் ஜன்னலாகவும் இருக்கலாம்.

"ஹால்வர்ட், அங்கே பனி எவ்வளவு?"
"முழங்கால் வரை."
"இங்கே கதவுப் பிடி வரை."

அதற்குமேல் பேசியது முழுக்க நினைவில்லை.
அவளிடம் ஒரு நாய், அதற்குக் காதில் ஏதோ புண்,
சொட்டு மருந்து விடும்போது
அவளைத் தவிர எல்லோரையும் கடிக்கிறதாம்.
வைத்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
பத்தொன்பது நிமிடம்.
ஒரு விமானம் போய் இறங்கி,
கதவு திறந்து, ஏணியும் வைத்திருப்பார்கள்.

ஞாயிறு காலையில் விமானம் கிடையாது.
காருக்கு ஆணி டயர் மாட்டியாயிற்று.
நூற்றி எழுபது சொச்சம் என்றேன் இல்லையா,
அந்தச் சொச்சம் எவ்வளவு என்று
இதுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை.