நாற்பத்திரண்டு சுற்று

அளவுகோலின் மூன்றாம் கோட்டைத்
தண்ணீர் தொட்டபோது மணி ஒன்றேகால்.
கொசஸ்தலை ஆறு
டார்ச் வெளிச்சத்தில் செம்மண்ணாய்ப் புரண்டது.

திறக்காவிட்டால் கரை உடையும்.
திறந்தால் சடையங்குப்பம்;
அங்கே தங்கை ஏகவள்ளி,
தவணையில் வாங்கிய புது ஃபிரிட்ஜ்.

லஸ்கர் முனிரத்தினம் போன் போட்டான்.
"கட்டில்மேல ஏத்திடு."
"எதை?"
"எல்லாத்தையும்."

பிறகு
கிரீஸ் காய்ந்த ஷட்டர் சக்கரத்தை
எண்ணி எண்ணிச் சுற்றினான்.

சித்திரையில்
ஸ்கூட்டியில் நான்கு கேனோடு வந்தாள் ஏகவள்ளி.
அவள் தெரு பம்பில் கடல்தான் வருகிறதாம்.
அணையோரக் கிணறு இன்னும் இனித்தது.

"ஃபிரிட்ஜுல இப்ப அரிசி போட்டு வெச்சிருக்கேன்,
எலி ஏறல" என்றாள்.
"தவணை இன்னும் ஏழு இருக்கு."

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
கடைசிக் கேனின் மூடியைத் திருகும்போது
உதடு தானாக எண்ணியது.