நூற்றுப் பத்து மைக்ரான்

செகாம்புட் பட்டறையின் தகரக் கூரை
சூடேறும் முன்பே வரச் சொல்லியிருந்தார் லோ கிம் ஹுவாட்.
இரண்டு மோரிஸ் மைனர், ஒரே ஆண்டு, ஐம்பத்தெட்டு,
மூக்கோடு மூக்கு நின்றன.
எதிரே நான், சம்பந்தம் பேச வந்தவளைப் போல,
மதிப்பீட்டுப் படிவத்தோடு.

முதல் வண்டியின் கதவில் என் முகம் தெரிந்தது,
முகத்தைவிடக் கொஞ்சம் நன்றாகவே.
குரோமியம் பூசியது தாய்லாந்தில்.
இருக்கைத் தோல் பினாங்கில்.
ரப்பர் பட்டிகள் கப்பலேறி வந்தவை.
கண்ணாயிரம் ரசீதுகளையெல்லாம்
ஜாதகக் கட்டு போல் நூல் சுற்றி வைத்திருக்கிறார்.
"அறுபதாயிரம் வெள்ளி ஆச்சு தங்கச்சி.
சாவி போட்டதும் கெளம்பும். ஈப்போவுக்கே போகலாம்."
உண்மைதான். கிளம்பியது.
போட்டது வேறு, பெறுவது வேறு என்று
அந்தப் புது இருக்கையில் உட்கார்ந்துகொண்டு
எப்படிச் சொல்ல?

இரண்டாவது, புகைநீலம்.
வெயில் பட்ட இடமெல்லாம் சாம்பல்.
கூரையில் மானியை வைத்தேன்: நூற்றுப் பத்து மைக்ரான்.
ஆலை பூசியது, அதன் பிறகு எவரும் தொடாதது.
வலப்பக்கக் கைகாட்டி
கோழி இறக்கையைப் போல் விரிந்து மடங்குகிறது.
இடப்பக்கத்தது வராது.
இருக்கைக்கு அடியில் ஒரு கொண்டை ஊசி,
நாலு மூலைச் சென் காசு ஒன்று.

சந்தையில் இதற்குத்தான் இன்று மவுசு.
பழுது பார்த்ததைவிடப்
பார்க்காத பழுதுக்கு விலை கூட.
சிங்கப்பூர்க்காரர் படத்தைப் பார்த்தே தொகை சொல்லிவிட்டார்.
கழுவ வேண்டாம் என்றும்.

இடக் கதவில் மானி
நானூற்றுப் பன்னிரண்டு காட்டியது.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
நானூற்றுப் பதினைந்து.

கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது
தூரிகை மயிரின் தடங்கள்,
மேலிருந்து கீழாக, வீட்டுச் சன்னலுக்கு அடிப்பது போல.
பிடிக்குக் கீழே ஓர் எறும்பு
பெயிண்டுக்குள் சிக்கி அப்படியே காய்ந்திருந்தது.

விற்க வந்தவர் வேதவல்லி, பள்ளி வேன் ஓட்டுகிறவர்.
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"எழுபத்தொண்ணு வெள்ளம். பாதிக் கதவுக்குச் சேறு.
ஜாலான் ஈப்போ இரும்புக்கடையில
சன்னல் பெயிண்டு மலிவாம்.
ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவே அடிச்சாரு.
கலர் ஒத்துவரல.
அம்மா ஒரு வாரம் அந்தக் கதவைத் தொறக்கல."

லோ கிம் ஹுவாட் நகத்தால் தட்டிப் பார்த்தார்.
"ஒரிஜினல் வேணுமா? போலே லா. ரெண்டு வாரம்.
வெயில் பட்ட மாதிரியே அடிச்சுத் தரேன்.
எறும்பு வேணும்னா எறும்பும் வைக்கலாம்."
அவர் சிரிக்கவில்லை.
சுவரோரம் காய்ந்த மட்கார்டைக் காட்டினார்:
தேயிலைச் சாயம், உப்புத் தண்ணீர், மூன்று நாள் வெயில்.
துரு அவ்வளவு உண்மையாக
என் விரலில் ஒட்டிக்கொண்டது.

படிவத்தில் இரண்டே கட்டம்:
அசல். புதுப்பித்தது.
ஓரத்தில் நுணுக்கி எழுதினேன்:
'இடக் கதவு, உரிமையாளர் கைப்பூச்சு, 1971.
சுரண்டக் கூடாது.'

மாலைக்குள் சிங்கப்பூரிலிருந்து பதில்:
எட்டாயிரம் குறைத்துக்கொள்ளலாமா?

"எழுதாம விட்டிருக்கலாம்ல?" என்றார் வேதவல்லி.
விட்டிருக்கலாம்.
எட்டாயிரம், வேனுக்கு நாலு டயரும் அதற்கு மேலும்.
நான் பேனாவை மூடித் திறந்து மூடினேன்.
அவர் கொஞ்ச நேரம் கதவையே பார்த்தார்.
பிறகு கைப்பையை உள்ளே எறிந்து ஏறினார்.
"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுங்க."

பட்டறை வாசலில் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.
வராத கைகாட்டிக்குப் பதிலாக
வலது சன்னல் வழியே கையை நீட்டி
காற்றில் வட்டம் போட்டார்,
பழைய சாலை விதிப்படி.
பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் பையன்
தனக்குத்தான் என்று நினைத்து
சந்தோஷமாய்த் தானும் கையசைத்துக்கொண்டே போனான்.