வெட்டுக்கோடு அ–அ

மாதிரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.
பக்கத்துத் திரையில்
ஜெசிந்தா வீடு இரண்டாகப் பிளந்து நின்றது:
மாடிப்படி, பரண், கக்கூஸ் குழாய்,
கட்டிலுக்கடியில் மீன்கூடை வைக்க விட்ட ஒன்றரை அடி.
சுவரை அங்கே தள்ளினால்
இங்கேயும் தள்ளிப்போகிறது.
மறுபடி வரையத் தேவையில்லை.

போனில் ஜெசிந்தா:
"ரோடு திரும்பவும் போட்டுட்டாங்க மேடம்,
பழசைச் சுரண்டாம, அது மேலயே."
எவ்வளவு உயரம்?
"என் முட்டிக்கு ரெண்டு விரல் கம்மி."

முட்டியை மில்லிமீட்டராக்கித் தட்டினேன்:
நானூற்று இருபது.
வெட்டுப்படத்தில் காசிமேட்டுத் தெரு எழும்பியது.
வாசற்படி புதைந்தது.
வெளிப்பக்கம் திறக்கும் கதவு
தாரில் இடித்தது.

"உங்க படத்துல தண்ணி எங்க நிக்குது?"

வெட்டுக்கோட்டைப் பிடித்து
அடுப்படிக்கு இழுக்கிறேன்.
சிலிண்டரின் வயிறுவரை.