ஏழாம் கட்டம்

கறிச் சுரைக்காயை ஏட்டில் ஏற்றுவது என் வேலை.
செதூபல் நகரத்து மருத்துவமனையின் நிலவறையில்
சலவைக்கூடத்தை ஒட்டிய சிற்றறை.
படிவத்தை விரித்து உட்கார்ந்திருக்கிறேன்.
எர்மெலிந்தா கையைத் துடைத்துக்கொண்டே வருகிறாள்.
காய்ந்த பிறகும் துடைக்கிறாள்.

கற்ற இடம் என்று ஒரு கோடு.
கற்பித்தவர் பெயர் என்று ஒரு கோடு.
காலம், மணிக்கணக்கில்.
"பத்தொன்பது வருஷத்தை மணியாக்கணுமா?"
கைபேசியில் பெருக்குகிறாள்,
ஞாயிறுகளைக் கழிக்கிறாள்,
பிரசவத்துக்குப் போன நான்கு மாதத்தைக் கழிக்கிறாள்,
சிரித்துவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறாள்.

சரி, என்னென்ன தெரியும்?
"என்ன தெரியும்! துணி துவைப்பேன்."

படிவத்தை மூடினேன்.
வாருங்கள், உள்ளே போய்ப் பேசலாம்.

உள்ளே அவள் வேறு ஆள்.
இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றி, நடந்தபடி:
ரத்தத்துக்கு முதலில் சூடு காட்டக் கூடாது,
கறை குடிபுகுந்துவிடும்.
அறுவை அறை விரிப்பை உதறும் முன்
உள்ளங்கையில் எடை பார்க்கணும், இப்படி;
கத்தரிக்கோல் சிக்கியிருந்தால்
துணி ஒரு பக்கம் மௌனமாக இருக்கும்.
மூன்றாம் இயந்திரத்தின் அதிர்வு
குதிகாலோடு நின்றால் நல்லது,
முழங்காலுக்கு ஏறினால் பாரம் சாய்ந்துவிட்டது.
குழந்தைகள் வார்டுத் துணிக்கு மட்டும் மூன்று அலசல்.

யார் சொல்லிக் கொடுத்தது?
"ஒரு குழந்தையின் முதுகு.
தடித்துச் சிவந்திருந்ததாம்.
தாதி இறங்கிவந்து திட்டிவிட்டுப் போனாள்."

கற்பித்தவர் பெயர்:
எழுதிவிட்டேன், ஒரு குழந்தையின் முதுகு என்று.

பிறகு, கேட்காமலே, அந்தப் பிப்ரவரி இரவைச் சொன்னாள்.
நீராவிக் குழாயின் சீற்றம் அரை சுருதி ஏறியது.
வால்வை மூடினாள், அபீலியோவை எழுப்பினாள்.
அவன் ஒரு வளையத்தை மாற்றிவிட்டுத் தூங்கப் போனான்.
பதிவேட்டில் இருக்குமா?
"எதை எழுதுவது? ஒன்றும் நடக்கவில்லையே."

சான்று இணைக்கவும், என்கிறது படிவம்.
வெடித்திருந்தால் புகைப்படம் இருக்கும்,
விசாரணை அறிக்கை இருக்கும்,
எர்மெலிந்தாவின் பெயர்கூட இருந்திருக்கும்,
வேறொரு பட்டியலில்.
நடக்காமல் போன ஒன்றை
எந்தத் தாளில் ஒட்டி அனுப்புவது?
அபீலியோவைத் தேடிப் பிடித்து ஒரு வரி வாங்கினேன்,
இரண்டு எழுத்துப்பிழையோடு:
எனக்கு முன்னால் அவங்க காதுக்குத் தெரிஞ்சிருச்சு.

மாலைக்குள் பதினொரு கட்டங்களிலும் சரி போட்டேன்.
கொஞ்சம் தாராளமாகத்தான்.
அவள் கண்ணாடியை மாட்டி, விரல் வைத்து,
பொட்டலத்தை எண்ணுவது போல் வாசித்தாள்.
ஏழில் விரல் நின்றது.
வேதிக்கலவையை அளந்து தயாரித்தல்.
"இது சுல்மீரா செய்வது.
நான் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி."

கண் பார்த்தால் கை செய்யாதா, என்றேன்.
"செய்யும். இன்னும் செய்யவில்லை. அடித்துவிடுங்கள்."

அடித்தேன். கோடு சற்றுக் கோணல்.
விதிப்படி, அதன் ஓரத்தில் இருவரும் கையெழுத்திட்டோம்.
தாள் நாளை லிஸ்பனுக்குப் போகும்.
அங்கே சரிகளை எண்ணுவார்கள்.
நான் மட்டும் அந்தக் கோணல் கோட்டை
இன்னொரு முறை பார்த்துவிட்டு உறையை ஒட்டினேன்.

கதவுவரை போனவள் திரும்பினாள்.
"சுல்மீராவை எப்போது கூப்பிடுவீர்கள்?
காலையில் வேண்டாம்.
காலையில் அவள் கலவை போடுவாள்."