பதினோரு பந்துகள்

பளுகல் உதயம் இளைஞர் மன்றத்தைத்
திங்கட்கிழமை இடிக்கிறார்கள்.
ஓடு போய், ஆஸ்பெஸ்டாஸ் போய்,
கடைசி மழைக்குப் பிளக்ஸ் மூடிய கூரை.
போன தேர்தலில் தோற்றவர்
அதில் மல்லாந்து வானத்தைக் கும்பிடுகிறார்.

சுவருக்கு இந்தப் பக்கம் என் அடுக்களை.
இருபத்திரண்டு வருஷம்
கேரம் காய் விழுகிற சத்தத்தில்
மணி பார்த்திருக்கிறேன்.
உள்ளே போனதில்லை.
இளைஞர் என்றால் பையன்கள் என்று
யாரும் எழுதி ஒட்டவில்லை.
ஒட்ட வேண்டியிருக்கவில்லை.

இன்று சாக்கோடு போனேன்.
மீன் சட்டியை உடைத்தது ஒன்று,
மரச்சீனி மூட்டில் கிடந்தவை நாலு,
கிணற்றில் மிதந்தது, ஓடையில் ஒதுங்கியது,
எல்லாம் சேர்த்துப் பதினொன்று.
செயலாளர் பிறிஜின் ஒவ்வொன்றாய் அமுக்கிப் பார்த்தான்.
"எல்லாத்துலயும் காத்து போச்சே, அக்கா."
"கேட்டு வந்திருந்தா தந்திருப்பேன்."
"உங்க நாய்..."
நாய் செத்து ஏழு வருஷம்.

மேஜையில் புதுக் கட்டிடத்தின் பிளான்:
மாடி, ஜிம், காமிரா,
என் துணிக்கொடிக்கு நேரே ஒரு ஜன்னல்.
கம்பி பாறசாலையில் மலிவா, இங்கேயா என்று
ரெண்டு பேர் சண்டை.
பிறிஜின் காதிலிருந்த பென்சிலை உருவி
ஜன்னலை அடித்தேன்.
கிழக்கே,
டியூஷன் விட்டுப் பெண்பிள்ளைகள் வருகிற இடவழியில்
ஒரு வாசல் வரைந்தேன்.
கோடு கொஞ்சம் கோணல்.

"எஞ்சினியர் சம்மதிக்கணுமே" என்றான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால்
பென்சில் என் கையில்.
கேட்டு வரட்டும்.