மூன்று சதவீதம்

முதலில் விலை சொன்னவன் டொராண்டோக்காரன்.
நாலாயிரத்து ஐந்நூறு டாலர், வரி தனி.
திரையில் உங்கள் இழுவை வண்டி
மேகத்துக்குள்ளிருந்து இறங்கி வரும் என்றான்.
எங்கள் வண்டி மேகத்திலிருந்து வரவில்லை.
பெம்பினா சாலையில், கடனில் வந்தது.
இன்னும் இருபத்தாறு தவணை பாக்கி.

அடுத்தவள் மரிவிக்.
பிலிப்பீன்ஸ்காரி, என் வயதுதான்.
மகளின் ஸ்கேட்டிங் வகுப்பு முடியும்வரை
டிம் ஹார்ட்டன்ஸில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பாள்.
ஆயிரத்து நூறு. பாதி முன்பணம்.

அழகாகத்தான் செய்திருந்தாள்.
படங்கள் நகர்ந்தன,
எழுத்துகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன.
கோடைகாலச் சாலையோரம் ஒரு தம்பதி
நின்றுபோன காரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
கார் நின்றால் யார் சிரிப்பார்கள் என்று கேட்டேன்.
படம் இலவசம் என்றாள்.

'எங்களைப் பற்றி' மட்டும் காலியாக இருந்தது.
உங்கள் கதை வேண்டும், இருநூறு சொல்.
என்ன கதை?
தயாபரன் ஓட்டுகிறார், நான் போன் எடுக்கிறேன்.
இரவு இரண்டு மணிக்கு அது தலையணைக்கடியில் துடிக்கும்.
ஏழு வருடத்தில் ஒருவராவது
உங்கள் நிறுவனத்தின் நோக்கம் என்ன என்று கேட்டதில்லை.
எவ்வளவு நேரமாகும்?
எல்லோருக்கும் முதல் வாக்கியமே அதுதான்.
சிலருக்கு அதுவும் வராது, பல் அடித்துக்கொள்ளும்.

போன ஜனவரியில் ஒருத்தி.
எங்கே நிற்கிறீர்கள் என்றேன்.
வெள்ளையா இருக்கு, என்றாள்.
அதோடு அறுந்துவிட்டது.
தயாபரன் பெரிமீட்டர் சாலையை இரண்டு தடவை சுற்றினார்.
கண்டுபிடித்துவிட்டார்.
அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கோட்டை மாட்டு, என்றேன் மரிவிக்கிடம்.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு,
காற்றைக் கணக்கில் சேர்க்காமல்.
என் பழைய போனைக் கொடுத்தேன்,
வேண்டுமென்றே சார்ஜ் போடாமல் வைத்திருந்தது.
மூன்று சதவீதம்.
கையுறையைக் கழற்று.
உன் கார் பள்ளத்தில் கிடக்கிறது.
இப்போது என்னைக் கூப்பிடு.

தட்டினாள்.
லோகோ சுழன்றது.
தம்பதி நெற்றிவரை வந்து நின்றார்கள்,
சிரிப்பு இன்னும் வந்து சேரவில்லை.
விரலை வாய்க்குள் வைத்து ஊதினாள்.
எழுத்துகள் மிதக்கத் தொடங்கின:
நம்பகமான
விரைவான
சே
அங்கேயே அணைந்தது.

கொஞ்ச நேரம்
அந்தக் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
மரிவிக் தகலாகில் ஏதோ சொன்னாள்.
வசவு என்பது எந்த மொழியிலும் புரியும்.

இப்போது படமே கிடையாது.
கறுப்பில் மஞ்சளாக ஓர் எண்,
மரத்த கட்டைவிரல் எங்கே விழுந்தாலும்
அதன்மேல்தான் விழும்.
அதற்குக் கீழே ஒரு பொத்தான்:
'எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை.'
தொட்டால் அவர்கள் இருக்குமிடம் என்னிடம் வந்துவிடும்.
அது மரிவிக்கின் யோசனை.
அதற்குத் தனியாக நூற்றைம்பது கேட்டாள்.
பேரம் பேசவில்லை.

இருநூறு சொல் தேறவில்லை.
'கூப்பிட்டால் எடுப்பேன்' என்று போட்டிருக்கிறேன்.
எடுப்போம் என்று மாற்று, அதுதான் மரியாதை
என்கிறார் தயாபரன்.
எடுப்பது நான்தானே.

ஞாயிற்றுக்கிழமை, பனி கொட்டும் நேரம்,
அந்தப் பக்கத்தைப் பார்த்து முதல் அழைப்பு.
உங்களை கூகுளில் முதலிடத்தில் வைக்கிறோம்,
மாதம் முந்நூறு டாலர்தான், என்றது குரல்.
எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன், பழக்கதோஷம்.
மேடம்? என்றான்.
வைத்துவிட்டேன்.
லைன் காலியாக இருக்க வேண்டும்.